மலையேறும் பேருந்தும் மனம் சோர்ந்த கரங்களும்

தோழரே!

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் பேருந்திலே சென்றிருப்பீர். கச்சிராயபாளையம் கடந்ததும் கரும்புத் தோட்டங்கள் பின்தங்கும். காற்றிலே குளிர் கலக்கும். சாலை வளைந்து வளைந்து வெள்ளிமலை நோக்கி ஏறும். வண்டி உறுமும், உள்ளே இருப்போர் உறங்குவர். மருந்து வாங்கித் திரும்பும் மூதாட்டி, கல்லூரி முடித்து வீடு செல்லும் மலைமகள், மரவள்ளிக்குக் கிடைத்த விலையை மனத்துக்குள் கூட்டிப் பார்க்கும் உழவர், அத்தனை பேரும் கண்ணயர்கிறார்கள். ஏன்? இறங்கும்போதும் வளையும்போதும் பிரேக் பிடிக்கும் என்ற நம்பிக்கை!

அந்த நம்பிக்கையைத் தந்தவர் யார்? ஓட்டுநர் என்பீர். உண்மை, ஆனால் பாதி உண்மை. முந்தைய இரவு, ஊர் உறங்கிய வேளையில், பணிமனையின் குழிக்குள் இறங்கி, தலைக்கு மேலே நின்ற வண்டியின் அடிவயிற்றைப் பார்த்து, தேய்ந்த லைனிங்கை மாற்றி, காற்று கசிந்த குழாயை அடைத்து வைத்தானே ஒருவன், அவனல்லவா மற்றப் பாதி! தொழில்நுட்பப் பணியாளன் என்பது ஏட்டிலே அவன் பெயர். பயணிக்கு அவனைத் தெரியாது. ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறோம். நடத்துநரோடு சில்லறைக்குச் சண்டை போடுகிறோம். அவனோடு சண்டை போடக்கூட நமக்கு நேரமில்லை!

அவனைப் பற்றித்தான் இன்று உம்மோடு பேச விழைகிறேன்.

மலைக்குப் பேருந்து என்றால் என்ன பொருள் என்பதை முதலில் எண்ணிப் பாரும். நாடு விடுதலை பெற்றது 1947-இல். கல்வராயன் மலையோ 1976 வரையில் ஜாகீர்தாரர்களின் பிடியிலே இருந்தது. சமவெளியிலே வாக்குப்பெட்டி வந்தது, பள்ளி வந்தது, பாலம் வந்தது. மலையிலே ஜாகீர் இருந்தது! 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்வை விசாரணைக்கு எடுத்தது. நாம் எல்லோரும் வெட்கித் தலைகுனிய வேண்டிய காட்சி அது. பிறருக்குப் பேருந்து வசதி; மலைமகனுக்கு அது மருத்துவமனை, அது கல்லூரி, அது சந்தை! ஒரு வண்டி பழுதாகி நின்றால் நகரத்தான் அடுத்த வண்டியில் ஏறுவான்; மலைமகனுக்கு அன்றைய நாளே நின்றுபோகும்.

தனியார் முதலாளிகளின் கையிலிருந்த பேருந்துகள் 1972 முதல் நாட்டுடைமையாகி, அரசுக் கழகங்கள் எழுந்தன. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1975-இல் தோன்றிய கழகத்துக்குத் தந்தை பெரியாரின் பெயர். 1997-இல் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு, அதுவும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயிற்று. இலாபம் கிடைக்கும் சாலைக்கு மட்டும் வண்டி என்ற வணிக நீதியை மாற்றி, மனிதர் வாழும் ஊருக்கெல்லாம் வண்டி என்ற மக்கள் நீதியை நிலைநாட்டியது அந்த நாட்டுடைமை. அந்த நீதியின் சுமையைத் தோளிலே தாங்குபவர் யார் என்பதே இன்றைய கேள்வி.

இரவிலே வண்டிகள் திரும்புகின்றன. ஓட்டுநர் குறையை எழுதிக் கொடுக்கிறார்: ‘கிளட்ச் நழுவுகிறது’, ‘ஸ்டியரிங் இழுக்கிறது’, ‘முகப்பு விளக்கு மங்கல்’. விடிவதற்குள் வண்டி வெளியேற வேண்டும். மலைவழி வண்டியென்றால் தேய்மானம் மிகுதி. இறக்கத்திலே பிரேக் டிரம் கொதிக்கும், ஏற்றத்திலே எஞ்சின் கொதிக்கும், வளைவிலே டயர் அரைபடும். பத்துப் பேர் பார்க்க வேண்டிய வேலையை அறுவர் பார்த்தால் என்ன ஆகும்? முதல் நாள் பெருமை: ‘சமாளித்துவிட்டோம்!’ இரண்டாம் மாதம் முதுகுவலி. இரண்டாம் ஆண்டு மௌனம். ‘நாம் சொல்லி என்ன ஆகப்போகிறது’ என்ற மௌனம்! தோழரே, அந்த மௌனந்தான் ஆபத்து.

வண்டியும் பழைய வண்டியாக இல்லை. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 விதி வந்தது. புகையை அடக்க வடிகட்டி, யூரியாக் கரைசல், ஆங்காங்கே உணர்கருவி, எல்லாவற்றையும் ஆளும் மின்னணுப் பெட்டி. காதை வைத்துக் கேட்டு எஞ்சினின் நோயைச் சொன்ன கைராசிக்காரன், இன்று திரையிலே தோன்றும் குறியீட்டைப் படிக்க வேண்டும். படிக்க மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. கற்றுக்கொடு, கருவியைக் கொடு, உதிரிப்பாகத்தைக் கொடு, கூட ஓர் ஆளைக் கொடு என்கிறான். வண்டிக்குப் புது மூளை தந்துவிட்டு, அதைப் பார்ப்பவனுக்குப் பழைய ஸ்பேனரை மட்டும் தந்தால், பழுதுக்குப் பொறுப்பாளி யார்?

‘உள்ளம் எரிந்து தீர்தல்’ என்று இந்நிலைக்கு மேலைநாட்டார் பெயர் வைத்தனர். 1974-இல் அதைப் பற்றி எழுதிய உளவியலர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர், சோம்பேறிகளைப் பார்த்து எழுதவில்லை. நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்தில் ஓடி ஓடி உழைத்தவர்களைப் பார்த்து எழுதினார். மிகுந்த ஆர்வத்தோடு வந்தவர்களே எரிந்து தீர்ந்தார்கள்! சுவரொட்டி ஒட்டி, கொடி கட்டி, இரவெல்லாம் விழித்து, ஏனென்று கேட்பாரின்றி ஒதுங்கிப்போன தொண்டனை நம் கிளையிலேயே கண்டிருக்கிறீர். ஆகவே உமக்கு இதை விளக்கத் தேவையில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் இதைத் தனிமனிதனின் நோய் என்று கூறவில்லை. சீர்செய்யாமல் விட்ட பணியிட நெருக்கடியின் விளைவு என்று வரையறுத்தது. ஆற்றல் வற்றுதல், பணியின்மேல் மனம் வெறுத்தல், செயல்திறன் குன்றல் என மூன்று அடையாளங்களையும் சொன்னது. அறுவடை பொய்த்தால் நிலத்தையும் நீரையும் பாராமல் நாற்றையா அடிப்பது?

அமெரிக்காவிலே சவுத்வெஸ்ட் என்றொரு விமான நிறுவனம். 2022 டிசம்பரில் பனிப்புயல் வீசியது. மற்ற நிறுவனங்கள் சில நாளில் எழுந்து நின்றன. அந்நிறுவனம் வீழ்ந்து கிடந்தது. விமானிகளையும் பணிப்பெண்களையும் எந்த விமானத்துக்கு அனுப்புவது என்று கணக்கிடும் பழைய கணினி முறை திணறிப்போனது. ரத்தான பயணங்கள் 16,000-க்கும் மேல்! அரசு 2023-இல் விதித்த தண்டம் 14 கோடி டாலர். இதிலே நமக்கான பாடம் எது தெரியுமா? அந்த முறை தாங்காது என்று தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தன. கருவியோடு வாழ்பவன் கருவியின் நோயை முதலில் அறிகிறான். அவன் சொல்லைக் கேளாத நிறுவனம், தண்டம் கட்டிப் பாடம் கற்கிறது.

இங்கே நம்மவர் சொல்லவில்லையா? சொன்னார்கள். 2018 ஜனவரி 4 முதல் எட்டு நாள் வண்டிகள் நின்றன. 2024 ஜனவரி 9 அன்று மீண்டும் வேலைநிறுத்தம். பொங்கலை முன்னிட்டு, நீதிமன்றத்தின் முன்னிலையில் மறுநாளே அது ஒத்திவைக்கப்பட்டது. காலிப் பணியிடங்களை நிரப்புக, ஓய்வுபெற்றோரின் நிலுவையைத் தருக என்பவை 2024-இன் கோரிக்கைகளில் முதன்மையானவை. ஓய்வுபெற்றோரின் நிலுவை 2018-லும் முழக்கமாக இருந்தது. இடையிலே ஆட்சி மாறியது. அந்த முழக்கம் மாறவில்லை! ஒரு கொடி கோட்டையிலே பறக்கும்போது மற்றொரு கொடி பணிமனை வாயிலிலே பறக்கிறது. கொடிகள் இடம் மாறுகின்றன, குழியில் நிற்பவன் அங்கேயே நிற்கிறான். இதைச் சொல்ல எனக்குக் கசக்கிறது. கசப்பென்பதற்காக மருந்தை மறைக்கலாமா?

‘கழகங்கள் நட்டத்தில் ஓடுகின்றன, ஆளெடுக்கப் பணம் ஏது?’ என்பார் உண்டு. ‘மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் கொடுத்ததால் வந்த வினை’ என்று கூசாமல் கூறுவாரும் உண்டு. 2021 மே மாதம் தொடங்கிய அந்தத் திட்டம் எத்தனையோ ஏழைப் பெண்களின் கைக்காசைக் காத்தது. அதிலே ஓர் அணுவும் குறையக்கூடாது. ஆனால் அந்த நன்மைக்கான விலையைக் கருவூலம் தர வேண்டும். கம்மியனின் உறக்கம் தரக்கூடாது! மக்கள் நலம் என்பது ஓர் ஏழையின் பையிலிருந்து எடுத்து மற்றோர் ஏழைக்குக் கொடுப்பதன்று. ஆளெடுக்காமல் மிச்சம் பிடித்த பணம், வழியில் நின்ற வண்டியாக, வீணான எரிபொருளாக, விபத்துக்கான இழப்பீடாகத் திரும்பி வருகிறது. மிச்சம் என்று நாம் எழுதியது கடன் என்று பிறகு தெரிகிறது.

என் குற்றத்தையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். எத்தனையோ மேடைகளில் ‘எங்கள் ஊருக்குப் பேருந்து விடு’ என்று முழங்கியவன் நான். அந்தப் பேருந்தை ஓடவைக்கும் கைகளைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. என் நாடகங்களில் ஓட்டுநர் வந்தார், வீரனாக. நடத்துநர் வந்தார், சிரிக்கவைக்க. எண்ணெய்க் கறை படிந்த சட்டைக்காரனுக்கு நான் ஒரு வசனமும் எழுதவில்லை. பெரியாரின் பெயர் தாங்கிய கழகம் என்று பெருமை பேசிய வாய், அதிலே உழைப்பவனின் சுயமரியாதையை மறந்திருந்தது.

ஆகவே, தோழரே, கைதட்டிவிட்டு மடித்து வைக்க அல்ல இந்தக் கட்டுரை. உமது ஊர்ப் பணிமனைக்கு ஓர் இரவு செல்லும். கொடியோடு வேண்டாம், காதோடு செல்லும். நான்கு கேள்வி கேளும். தொழில்நுட்பப் பிரிவில் அனுமதித்த இடம் எத்தனை, ஆள் இருக்கும் இடம் எத்தனை? மாதத்தில் எத்தனை நாள் இரட்டைப் பணி? புதிய வண்டிகளுக்குப் பயிற்சி கிடைத்ததா? உறங்கவும் ஒதுங்கவும் குடிக்கவும் தூய இடமும் நீரும் உண்டா? சொன்னவர் பெயரை எங்கும் எழுதாதீர். பழிவாங்கல் அவரைத் தேடி வரக்கூடாது. எண்ணிக்கையை 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறும். சட்டமன்றத்தில் போக்குவரத்து மானியக் கோரிக்கை வரும் நாளில், அந்த எண்ணிக்கை நம் உறுப்பினரின் கையிலே இருக்கட்டும். ஆளும் வரிசையில் அமர்ந்திருந்தாலும் சரி, எதிர்வரிசையில் அமர்ந்திருந்தாலும் சரி!

1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று எழுதியது. சட்டங்களின் பெயர் இன்று மாறியிருக்கிறது. எட்டு மணி நேரம் என்ற எல்லை நிற்கிறது. ஏட்டிலே நிற்கும் அந்த எல்லை பணிமனையின் குழிக்குள்ளும் நிற்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.

நாளை விடியலில் வெள்ளிமலைக்கு வண்டி புறப்படும். அதிலே மூதாட்டி உறங்குவாள், மாணவி உறங்குவாள். அவர்கள் அச்சமின்றி உறங்க வேண்டுமானால், இரவெல்லாம் விழித்தவன் பகலிலே உறங்க வேண்டும். அதற்கு ஆள் கேட்போம், அவனுக்காகக் கேட்போம், உரக்கக் கேட்போம்!