உபயம் மெஷினுக்கு மட்டும்தானா?

அம்மன் அருளால் தீமிதி நல்லபடியா முடிஞ்சது. விறகு பிளந்த ஹைட்ராலிக் மெஷின் இப்போ ஸ்டோருக்குப் பின்னால வெட்டவெளியில நிக்குது. அதைப் பத்திக் கொஞ்சம் பேசணும். நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

மெஷின் வாங்கணும்னா உபயதாரர் உடனே கிடைக்கிறார், பெயரும் எழுதி ஒட்டுறோம். ஆனா எண்ணெய் மாற்ற, ஃபில்டர் வாங்க, ஒரு சீல் போட கமிட்டி கணக்கில் ஒரு வரிகூட கிடையாது. வெள்ளிக் கவசத்தைத் துடைச்சுப் பெட்டியில வைக்கிறோம். பூக்குழிக்கு விறகு கொடுத்த மெஷின் மட்டும் அடுத்த ஆடி வரைக்கும் மழையில நனையலாமா?

தோட்டத்துக் கோயில்ல கோடாலியாலதானே பிளந்தாங்கன்னு பெரியவங்க சொல்றாங்க. உண்மைதான். அப்போ லயத்திலிருந்து ஆள் திரண்டு வந்தாங்க. இப்போ வேலை முடிஞ்சு சனிக்கிழமை ராத்திரி வர்ற நாலு தம்பிங்கதான்.

மழைத்தண்ணி டேங்க்கில் இறங்கினா எண்ணெய் பால் கலந்த தேத்தண்ணி மாதிரி ஆயிடும். அது பம்ப்பைத் தின்னுடும். வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற தண்டு துருப்பிடிச்சா இன்னும் மோசம். துருவின் சொரசொரப்பு ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் சீலைக் கிழிக்கும். அந்தத் தண்டிலேயே புது சீல் போட்டா அதுவும் நிக்காது. அதனால தண்டை முழுசா உள்ளே இழுத்து, கூரைக்குக் கீழே வைக்கணும். காசு செலவில்லாத வேலை இது.

மெஷின் மெதுவா ஓடினா உடனே “பம்ப் போச்சு, புதுசு வாங்கலாம்”னு சொல்றதையும் விடணும். தண்டு உள்ளே இருக்கும்போது எண்ணெய் அளவைப் பாருங்க, ஃபில்டரைப் பாருங்க. எண்ணெய் நுரைச்சா, அளவு சரியா இருந்தும் நுரைச்சா, உறிஞ்சும் ஹோஸ் வழியா காத்து போகுது. கிளிப் தளர்ந்திருந்தாலே போதும். எஞ்சின் ஆயில் மிச்சம் இருக்குன்னு அதை ஊத்தாதீங்க. மெஷின் புத்தகத்தில் எந்த எண்ணெய்னு போட்டிருக்கோ அதுதான்.

எல்லாத்தையும்விட எங்களுக்குப் பயம் தர்ற விஷயம் வேற. கைப்பிடி ரெண்டு இருக்கிறது, பிளக்கும்போது ரெண்டு கையும் ஆப்புகிட்ட போகாம இருக்கத்தான். வேலை சீக்கிரம் முடியணும்னு ஒன்னைக் கயிறு போட்டுக் கட்டுறது திறமை இல்லை. அப்படிக் கட்டினா அன்னைக்கு விறகு பிளக்கிறதையே நிறுத்தணும்னு சொல்றோம். ஹோஸ்ல கசிவு தெரிஞ்சா விரலால தடவிப் பார்க்கவும் கூடாது. கார் டயருக்கு 32 பி.எஸ்.ஐ. காத்து அடிக்கிறோம். பெட்ரோல்ல ஓடுற இந்த மாதிரி மெஷின்ல அழுத்தம் 2,500-ஐத் தாண்டும். ஊசி முனை ஓட்டையில் வர்ற எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதல்ல இருக்காது. ஆனா உடனே மருத்துவமனைக்குப் போகலைன்னா விரலே போகலாம். அட்டையைப் பிடிச்சுப் பாருங்க, அதுவும் தள்ளி நின்னு.

கமிட்டிகிட்ட நாங்க கேட்கிறது ரெண்டு: மெஷினுக்குப் பொறுப்பா ஒரு ஆள், வருஷக் கணக்கில் அதுக்கு ஒரு தொகை. உபயம் செய்ய நினைக்கிறவங்க ஒரு தோம்பு ஹைட்ராலிக் எண்ணெய் கொடுங்க, அதுக்கும் பெயர் போடுவோம்.

வரும் ஞாயிறு காலைப் பூஜைக்கு அப்புறம் கோத்தோங் ரோயோங். ஸ்பேனர் செட் இருக்கிறவங்க கொண்டு வாங்க. காலித் தோம்பும் ரெண்டு வேணும். பழைய எண்ணெயைக் கால்வாயில ஊத்தப் போறதில்லை, ஒர்க்‌ஷாப்ல கொடுத்துடுவோம். பசியாற கோயில்லயே.