முதலில் வெயிலைத் தடுப்போம்



ஒட்டன்சத்திரம் சந்தையில் ஏற்றிய காய்கறி மறுநாள் காலையில் வெளியூர்க் கடைகளுக்கு வந்து சேருகிறது. அதைக் கொண்டு வந்தவர் இரவு முழுவதும் கண் விழித்து வண்டி ஓட்டியவர். அவர் எப்போது உறங்குவார்? பகலில்தான். எங்கே உறங்குவார்? பல நாட்களில், சரக்கை இறக்கிய அதே வேனுக்குள். சித்திரை, வைகாசி மாத நண்பகலில் அந்தத் தகரப் பெட்டிக்குள் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உறக்கம் கெட்ட கண்களோடு அவர் அன்றிரவும் ஓட்ட வேண்டும். நீங்கள் ஏறும் பேருந்தும் அதே சாலையில்தான் வரும். ஆகவே, வேனுக்குள் இருக்கும் வெப்பம் ஓட்டுநரின் கவலை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

"ஏர்கண்டிஷனர் வைத்தால் போயிற்று!" என்று நீங்கள் சொல்லலாம். ஓட்டையை அடைக்காமல் படகிலிருந்து நீரை இறைத்துக்கொண்டே இருப்பவரை நாம் அறிவாளி என்போமா? வெப்பம் உள்ளே வராமல் தடுப்பது முதல் வேலை. வந்ததை வெளியேற்றுவது இரண்டாவது வேலை. முதல் வேலைக்குப் பெருஞ்செலவு இல்லை. உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள இயற்பியலே போதும். அதைச் செய்யாமல் விட்டிருக்கிறோம் என்பதே என் குறை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மேகமற்ற கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ 1000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. சிறிய வேன் ஒன்றின் கூரை 4 சதுர மீட்டர் என்று கொள்வோம். விழுவது 4000 வாட். கருநிறக் கூரை இதில் பத்தில் ஒன்பது பங்கை, அதாவது 3600 வாட்டை உட்கவரும். நல்ல வெள்ளை வண்ணம் பூசிய கூரை நான்கில் ஒரு பங்கை, அதாவது சுமார் 1000 வாட்டை உட்கவரும். இவ்வாறு உட்கவர்ந்ததில் பெரும்பகுதி வெளிக்காற்றுக்கே திரும்பிவிடும் என்பது உண்மை. ஆனால் மிச்சம் உள்ளே இறங்கும். உறங்கும் மனிதரின் உடலிலிருந்து வெளிப்படும் வெப்பம் 80 வாட் அளவுதான் என்பதோடு ஒப்பிட்டால், கூரையின் நிறம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும்.

பளபளக்கும் வெறும் தகரம் வெள்ளையைவிட மேலானது அல்லவா என்று சிலர் கேட்பார்கள். அன்று. அது ஒளியை ஓரளவு பிரதிபலிக்கும். ஆனால், தான் பெற்ற வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளிவிடுவதில் மிகவும் கஞ்சத்தனம் காட்டும். வெள்ளை வண்ணமோ குறைவாக வாங்கி, தாராளமாக வெளிவிடும்.

அடுத்தது வெப்பக் கடத்தல். எஃகு வெப்பத்தை எளிதில் கடத்தும். தெர்மோகோல் அதைவிட ஆயிரம் மடங்குக்கும் குறைவாகவே கடத்தும். கூரையின் வெப்பநிலை 60 டிகிரி, உள்ளே 40 டிகிரி என்று கொள்ளுங்கள். கூரையின் அடியில் 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள தெர்மோகோலை ஒட்டினால், 4 சதுர மீட்டர் வழியே உள்ளே வருவது 112 வாட் மட்டுமே. தெர்மோகோலின் கடத்து எண்ணை 0.035 என்று வைத்து நீங்களே சரிபாருங்கள். ஓர் எச்சரிக்கை: தெர்மோகோல் எளிதில் தீப்பற்றும். அதைப் பலகையால் மூட வேண்டும். வேனுக்குள் கொசுவர்த்தியும் அடுப்பும் கூடவே கூடாது.

கண்ணாடியும் காற்றும்

கண்ணாடி வழியே வெயில் உள்ளே நுழைகிறது. சூடான காற்று வெளியேற வழியில்லை. இப்படி நிறுத்திய கார்களின் உள்வெப்பம் பற்றி அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2005-ல் வெளியாயிற்று. ஒரு மணி நேரத்தில் உள்வெப்பநிலை சராசரியாக 22 டிகிரி உயர்ந்தது. அந்த உயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏற்பட்டுவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். முதலாவது, கண்ணாடிக்கு மறைப்பை வெளிப்புறத்தில் போட வேண்டும். உட்புறத் திரை சூடாகும்போது அந்த வெப்பம் ஏற்கெனவே வண்டிக்குள் வந்துவிட்டது. இரண்டாவது, சிறு இடுக்கு காற்றோட்டம் ஆகாது. சூடான காற்று மேலே எழும் என்று வெப்பச் சலனத்தில் படித்தீர்கள். எனவே தாழ்வாக ஒரு திறப்பும் கூரையருகே ஒரு திறப்பும் வேண்டும். மேல் திறப்பில் சிறிய மின்விசிறியை வைத்துக் காற்றை வெளியே தள்ளினால் இன்னும் நன்று.

மின்விசிறிக்கு ஆகும் செலவைப் பாருங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1200 வாட்-மணி ஆற்றல் உண்டு. பாதிக்கு மேல் செலவழித்தால் வண்டி கிளம்பாமல் போகலாம். 15 வாட் விசிறி 8 மணி நேரம் ஓடினால் 120 வாட்-மணிதான் செலவு. 600 வாட் குளிர்சாதனமோ ஒரே மணி நேரத்தில் பாட்டரியின் பாதியை விழுங்கிவிடும்.

நீர் தெளிப்பதும் பயன் தரும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். நனைத்த சாக்கைக் கூரை மேல் விரித்தால் அந்த வெப்பத்தின் ஒரு பங்கு கூரையிலிருந்து போகும். கரூர் போன்ற வறண்ட இடங்களில் இது நன்றாக வேலை செய்யும். ஈரக்காற்று வீசும் சென்னையில் குறைவாகவே செய்யும். ஈரத்துணியை மூடிய வேனுக்குள் தொங்கவிடுவது தவறு. உள்ளே ஈரப்பதம் ஏறி, உடலின் வியர்வை உலராமற் போகும்.

சட்டம் போதுமா?

3.5 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடையுள்ள சரக்கு வாகனங்களில், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி வேண்டும் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. வரவேற்க வேண்டிய அறிவிப்புதான். ஆனால் சிறிய வேன்கள் இதில் அடங்கா. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளும் அடங்கா. மேலும், வழக்கமான வாகனக் குளிர்சாதனம் இயந்திரம் ஓடினால்தான் இயங்கும். அது ஓட்டும் நேரத்துக்கு உதவும். உறங்கும் நேரத்துக்கு உதவாது. இயந்திரத்தை ஓடவிட்டு உறங்கினால் எரிபொருள் வீண். அதனினும் மேலாக, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்கள் இரவில் தங்க நேரும் இடங்களில் ஓய்வறை வேண்டும் என்று கூறியது. ஆனால் அது ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொருந்தியது. ஒற்றை வேனை வைத்துக்கொண்டு தானே ஓட்டிப் பிழைப்பவருக்கு ஓய்வறை கட்டித் தருவது யார்?

ஆகவே நான் கேட்பவை மூன்று. சரக்கு வேன்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வெள்ளைக் கூரையும், அதன் அடியில் தீப்பற்றாத வெப்பக்காப்பும், மேலும் கீழும் திறப்புகளும் கொண்டு வரவேண்டும். ஒவ்வொரு சந்தையிலும் வண்டிகளை நிழலில் நிறுத்த இடம் வேண்டும். மர நிழலாயின் மிகவும் நன்று. பழைய வண்டிகளில், நிற்கும்போது கூரைக்கு அரை அடி உயரத்தில் வெளிர்நிறத் தார்ப்பாய் ஒன்றைக் கட்ட ஏற்பாடு வேண்டும். வெயிலைத் தார்ப்பாய் தாங்கிக்கொள்ளும். இடையே ஓடும் காற்று அதன் சூட்டைக் கொண்டு போகும். சுமையை மட்டும் எண்ணி வண்டி வாங்குவோருக்கு இவை வீண் செலவாகத் தோன்றலாம். ஒரு விபத்தின் செலவை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே அளவுள்ள மூன்று தகர டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குக் கறுப்பு, இரண்டுக்கு வெள்ளை பூசுங்கள். வெள்ளை டப்பாக்களில் ஒன்றின் உட்புறம் முழுவதும் தெர்மோகோல் ஒட்டுங்கள். மூன்றையும் வெயிலில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உள்வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போடுங்கள். அந்த வரைபடத்தை உங்கள் தெருவில் வேன் வைத்திருப்பவரிடம் காட்டுங்கள். பிறகு அவருடைய வண்டிக் கூரையின் நிறம் என்ன என்று கேளுங்கள்.