பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பெற்ற நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். “எங்களுக்கு அப்புறம் இவனை யார் பாத்துப்பா?” கேட்ட அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். மற்றவர்கள் குனிந்து தரையைப் பார்ப்பார்கள். டீ வரும். கூட்டம் கலையும்.

கேள்வியில் தப்பில்லை. என் மகளுக்கு மூளை முடக்குவாதமும் அறிவுசார் குறைபாடும் உண்டு. அந்தக் கேள்வி என்னையும் தூங்கவிடுவதில்லை. ஆனால் அழுகிறவர்களிடம் நான் ஒன்று கேட்பேன்: “பையனுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சே, சட்டக் காப்பாளர் உத்தரவு வாங்கிட்டீங்களா?” உடனே ஒரு அப்பா சிரிப்பார். “பெத்தவங்க நாங்க இருக்கோம், எங்களுக்கு எதுக்குங்க உத்தரவு?”

எதற்கென்று சொல்கிறேன். பதினெட்டு முடிந்ததும் உங்கள் பிள்ளை சட்டப்படி மேஜர். அவன் பெயரில் இருக்கும் பணத்தை எடுக்கவோ, பாட்டி எழுதிவைத்த கால் ஏக்கரைப் பத்திரப் பதிவு செய்யவோ, பெற்றவர் என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. இதற்காகவே 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்று நான்கு வகையினருக்கு அது பொருந்தும். மாவட்டம்தோறும் கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு உண்டு. பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் உறுப்பினர்கள். அந்தக் குழுதான் காப்பாளரை நியமிக்கிறது. கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை, வக்கீல் ஃபீஸ் இல்லை. குழு தரும் சான்றிதழை வங்கிகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியும் சொல்லியிருக்கிறது.

“சொத்துக்காக மாமன் மச்சான் எவனாவது காப்பாளரா வந்து ஏமாத்திட்டா?” என்று கேட்கிறீர்கள். சட்டம் அதையும் யோசித்திருக்கிறது. காப்பாளர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் கணக்கு காட்ட வேண்டும். பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாலோ கொடுமைப்படுத்தினாலோ, பணத்தைச் சுருட்டினாலோ, உறவினரோ பதிவுபெற்ற அமைப்போ மனு கொடுத்து அவரை நீக்க முடியும். ஆனால் அந்த மனுவைக் கொடுக்க அக்கறையுள்ள ஓர் அமைப்பு ஊரில் இருக்க வேண்டுமே. அதை யார் கட்டி வைத்திருக்கிறோம்?

அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. சம்பாதித்துப் பிழைக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி இருக்கிறது. நீங்கள் உயிரோடு இருக்கும்போதே பென்ஷன் காகிதத்தில் பிள்ளையின் பெயரையும் குறைபாட்டையும் ஏற்றி வைத்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் உங்கள் இறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மூத்த பெண் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவாள்.

இதற்கெல்லாம் முதல் படி மருத்துவச் சான்றிதழும், மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டையும். அங்கேயே பாதிப் பேர் நின்றுவிடுகிறீர்கள். “அட்டை வாங்கினா ஊருக்கே தெரிஞ்சுடும், தங்கச்சிக்கு வரன் பாக்கணும்.” ஊருக்கு எப்போதோ தெரியும், அம்மா. தெருவில் எல்லாருக்கும் தெரிந்ததை அரசாங்கத்திடமிருந்து மட்டும் மறைத்து யாருக்கு என்ன லாபம்? 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம் இருபத்தொரு வகைகளை ஏற்றுக்கொண்டது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு, தலசீமியா, பார்கின்சன் வரை அதில் உண்டு. அன்று அட்டை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இன்னும் அதே பதிலை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாங்கியவர்களும் அதைப் பீரோவில் பூட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். சிறு வயதில் தரும் சான்றிதழ் பெரும்பாலும் தற்காலிகமானது. கெடு முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். ஆதாரில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து என்று பெயர் மாறியிருந்தால் இன்றே திருத்துங்கள். விரல் இறுகிய பிள்ளைக்கு ரேகை பதியவில்லை என்று ஆதார் மையத்தில் கைவிரித்தால் எழுந்து வந்துவிடாதீர்கள். ரேகை எடுக்க முடியாதவர்களுக்கு விதிவிலக்கு முறை உண்டு. அதன்படி பதியச் சொல்லிக் கேளுங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். ஆட்டிசம் குணமாகும் என்று எவனோ செல்போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்து, நகையை அடகு வைத்து ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கட்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இலேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டுவிட்டது. சில ரத்த நோய்களுக்கான சிகிச்சை தவிர மற்றவற்றுக்கு, முறைப்படியான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுப்பது முறையல்ல என்கிறது அது. அதே வீட்டில் ‘நிராமயா’ காப்பீடு எடுத்தீர்களா என்றால், அப்படி ஒன்று இருக்கிறதா என்கிறார்கள். தேசிய அறக்கட்டளையின் திட்டம் அது. 500 ரூபாய்க்கு மேல் போகாத கட்டணத்தில், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை காப்பீடு. முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை கிடையாது. தெரபிச் செலவுக்கும் அதில் இடம் உண்டு. அடகுக் கடைக்கு வழி தெரிந்தவர்களுக்கு இதற்கு வழி தெரியவில்லை!

அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வட்டார வள மையத்தில் பயிற்சி நடக்கும் நாளில் வந்து பாருங்கள். பிள்ளையின் முட்டியைப் பிடித்து நிற்க வைப்பவள் அம்மா, காலிப்பர் பட்டையை மாட்டுபவள் அம்மா, உள்ளே தூக்கி வந்தவளும் அவள்தான். நீங்கள் வாசலில் பைக்கை நிறுத்தி இறக்கிவிட்டு, “முடிஞ்சதும் போன் பண்ணு” என்று போய்விடுகிறீர்கள். வேலைக்குத்தான் போகிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் ஊர்க் கோவில் கமிட்டிக் கூட்டத்துக்கு லீவு போட முடிகிறதே!

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். “நம்ம ஸ்கூல்ல இந்த மாதிரிப் பிள்ளைங்களைப் பாத்துக்க வசதி இல்லைங்க, ஸ்பெஷல் ஸ்கூலுக்குப் போங்க” என்று தலைமையாசிரியர் பணிவாகத்தான் சொல்கிறார். நீங்களும் பணிவாகக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறீர்கள். ஆறு வயது முதல் பதினெட்டு வரை, நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு, பக்கத்துப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க 2016-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. எது என்று தீர்மானிப்பது நீங்கள், அவர் அல்ல. “சேர்க்க முடியாதுன்னு எழுதிக் கொடுங்க சார்” என்று ஒரே ஒரு முறை கேட்டுப் பாருங்கள். எழுதிக் கொடுக்கத் துணிகிறவர் மிகக் குறைவு. எழுதியே கொடுத்துவிட்டால் அந்தத் தாள் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் அலுவலகத்துக்குப் போகட்டும். பத்தாம் வகுப்பு வந்த பிறகு, சொல்வதை எழுதுபவர் உண்டா, கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டா, மொழிப்பாட விலக்கு உண்டா என்று மார்ச் மாதத்தில் ஓடாதீர்கள். எல்லாம் உண்டு, முன்கூட்டியே விண்ணப்பித்தவர்களுக்கு.

இப்போது எனக்கு நிஜமாகவே கோபம் வரும் விஷயம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குக் கட்டைப்பையில் ஜெராக்ஸ் கட்டோடு வருகிறீர்களே, பிள்ளை எங்கே? “கூட்டிட்டு வந்தா கத்துவான், எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க.” பார்க்கட்டும், பார்க்கத்தான் வேண்டும்!

ஒரு மாவட்டத்தில் கண்ணால் பார்த்தது. பதினான்கு வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். பையனின் பாதம் அவர் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. வாசலில் சாய்தளம் இருந்தது, அதன் மேல் இரண்டு பைக்குகள் நின்றன. சக்கர நாற்காலியும் இருந்தது. ஸ்டோர் ரூமில், சங்கிலி போட்டுப் பூட்டி. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். அந்த அம்மா யாரிடமும் கெஞ்சவில்லை. பையனை வாசல் நடுவிலேயே உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதிகாரிகள் அவர்களைச் சுற்றித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. கால் மணி நேரத்தில் சாவி வந்தது. அடுத்த வாரம் பைக்குகளைக் காணோம், நாற்காலி வெளியே நின்றது. அதே ஆபீஸைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ வருடமாக மனு எழுதியிருப்பார்கள்; பிள்ளையைக் கொண்டுவந்தவர் அவர் ஒருவர்தான்.

இன்று நாம் அனுபவிக்கும் எதுவும் தானாக வரவில்லை. சென்னையில் 1985-இல் ‘வித்யாசாகர்’ தொடங்கிய பூனம் நடராஜன், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் தாய். ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே கிராமம் கிராமமாக மறுவாழ்வுப் பணியைக் கொண்டுபோனார். தமிழ்நாட்டில் 1,500 ரூபாயாக இருந்த பராமரிப்பு உதவித்தொகை பின்னர் 2,000 ஆனது. அதற்காக மாற்றுத்திறனாளிகள் சங்கத்தார் வெயிலில் சாலையில் உட்கார்ந்தார்கள், கைதாகி மண்டபங்களில் அடைபட்டார்கள். உட்கார்ந்தவர்களில் பலர் தவழ்ந்து வந்தவர்கள். நல்ல கால் உள்ள பெற்றோரில் எத்தனை பேர் போனோம்? ஆந்திராவில் 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 6,000 ரூபாய். நமக்கு ஏன் இல்லை என்று பெருமூச்சு விடுவதற்கு முன், உங்கள் மாவட்டச் சங்கத்தில் உறுப்பினர் சந்தா கட்டியிருக்கிறீர்களா என்று யோசியுங்கள்.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க 2025-இல் தமிழக சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. உங்கள் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ அது என்ன ஆயிற்று, வந்திருப்பவர் யார் என்று விசாரியுங்கள். வந்திருந்தால் போய்ப் பாருங்கள், பூங்காவில் சாய்தளமும் பேருந்து நிலையத்தில் கழிப்பறையும் கேளுங்கள். இதுவரை கேட்காமல் இருந்ததைக் கேட்க அங்கே ஓர் ஆள் இருக்கிறார்.

கடைசியாக ஒன்று, தள்ளிப்போட முடியாதது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர், தமிழ்நாட்டில் 11.79 லட்சம் பேர் என்று வந்தது. நூற்றுக்கு இரண்டு பேரைக்கூடத் தொடாத இந்தத் தமிழ்நாட்டுக் கணக்கை நம் தெருவில் நடந்து பார்த்தவர் யாரும் நம்ப மாட்டார்கள். கதவைத் திறந்தவர்கள் “எங்க வீட்டில அப்படி யாரும் இல்லீங்க” என்று சொன்ன வீடுகளை எனக்கே தெரியும். அடுத்த கணக்கெடுப்பு 2027-இல். கணக்கெடுப்பவர் வரும்போது பிள்ளையை உள்ளறைக்கு அனுப்பாதீர்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்களாகச் சொல்லுங்கள்: பெயர் இன்னது, வயது இவ்வளவு, குறைபாடு இது. அவர் எழுதிக்கொண்டாரா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.