பிணைக் கையெழுத்துப் போட மறுத்தேன், காரணம் இதுதான்



போன கிழமை என்னிடம் படித்த தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். கார் எடுக்கப் போகிறார். லீசிங்குக்கு இரண்டு பிணை வேணும், ஒருவர் அரசாங்கச் சம்பளக்காரராக இருந்தால் நல்லதாம். நான் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு நாளில் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. "படிப்பிச்ச பிள்ளைக்கே சேர் உதவல்ல" என்று பள்ளி வாசலிலேயே ஒருவர் கேட்டார். அவருக்கும், மனதுக்குள் கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்.

தம்பி கொண்டு வந்த படிவத்தில் வாகன விலை எழுதும் இடம் வெறுமை. வீதம் எழுதும் இடம் வெறுமை. காப்புறுதித் தொகையும் வெறுமை. பென்சிலால் எழுதியிருந்தது ஒன்றே ஒன்று: மாதம் 75,000, அறுபது மாதம். "மத்ததெல்லாம் ஒபிஸ்ல நிரப்புவாங்க சேர்" என்றார்.

"கார்ட விலை என்ன தம்பி?"

"அறுபது இலட்சம் சொன்னாங்க. முப்பது கையில குடுக்கிற, முப்பது லீசிங்."

"குறைச்சுக் கேட்டீங்களா?"

"நம்மட ஆள்தான் சேர். கேட்கக் கூச்சமா இருந்திச்சு."

யோசித்துப் பாருங்கள். வாவிக் கொடுவா மீனுக்கு இருநூறு ரூபாய் குறைக்க அரை மணித்தியாலம் நின்று பேசுகிற ஊர் இது. பெருநாள் உடுப்புக்கு நாலு கடை ஏறி இறங்குகிற ஊர் இது. அறுபது இலட்சத்துக்கு மட்டும் நமக்கு எங்கிருந்து கூச்சம் வருகிறது?

விற்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வியைக் கவனித்திருக்கிறீர்களா? "மாசம் எவ்வளவு கட்ட ஏலும்?" இரக்கப்பட்டுக் கேட்கிற மாதிரி இருக்கும். அதற்குப் பதில் சொன்ன நிமிடத்தில் உங்கள் பேரம் முடிந்துவிட்டது. வாகன விலை, கடனின் விலை, காப்புறுதியின் விலை என்ற மூன்று வேறு வியாபாரங்களும் ஒரே தொகைக்குள் கலந்துவிடும். எதில் எவ்வளவு ஏற்றினார்கள் என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது.

தம்பியின் கணக்கையே பார்ப்போம். 75,000ஐ 60ஆல் பெருக்கினால் 45 இலட்சம். கடன் 30 இலட்சம். மேலதிகம் 15 இலட்சம். "வருசத்துக்கு பத்து வீதம்தான் சேர்" என்றார். பத்து வீதம்தான், ஆனால் தட்டை வீதம். அதாவது ஐந்தாவது வருடத்தில் சில இலட்சம் மட்டும் பாக்கி இருக்கும்போதும், முழு முப்பது இலட்சத்துக்கும் பத்து வீதம் அறவிடுகிறார்கள். குறைந்து செல்லும் மீதிக்குப் பத்து வீதம் என்றால் மாதத் தவணை 63,750 ரூபாய் அளவில்தான் வரும். வித்தியாசம் மாதம் பதினோராயிரத்துக்கு மேல். ஐந்து வருடத்தில் ஆறே முக்கால் இலட்சம். பத்து என்று சொன்ன கடன் குறைந்து செல்லும் மீதிக் கணக்கில் 17 வீதத்தையும் தாண்டுகிறது.

குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி கணிப்பதை நாங்கள் வகுப்பில் படிப்பிக்கிறோம். இதே தம்பி சாதாரண தரக் கணிதத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவர். பரீட்சைக்குப் படித்த கணக்கு ஷோரூம் வாசலில் மறந்துபோகிறது என்றால், அதில் எனக்கும் வெட்கம் உண்டு.

அடுத்தது காப்புறுதி. "முதல் வருசம் ஃபுல் இன்சூரன்ஸ் ஃப்ரீ" என்றார்களாம். பிறகு விசாரித்தால் அந்தப் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்திருக்கிறார்கள். உதாரணத்துக்குப் பிரீமியம் 150,000 என்று வையுங்கள். அதே தட்டை வீதத்தில் ஐந்து வருடம் கட்டும்போது அது 225,000. ஒரு வருடக் காப்புறுதிக்கு ஐந்து வருடம் பணம் கட்டுகிறோம்! அடுத்த வருடப் பிரீமியம் வேறு. மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். கடன் இருக்கும்வரை முழுக் காப்புறுதியை அவர்கள் கேட்பதும் நியாயம். ஆனால் வேறு இரண்டு மூன்று கம்பனிகளின் கோட்டேஷனைக் கொண்டுவந்து, "இதுல ஒன்றை எடுக்கலாமா?" என்று கேட்க உங்களை யார் தடுத்தார்கள்?

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறோம். 2011 ஜனவரி வெள்ளத்தையும் 2024 நவம்பர் வெள்ளத்தையும் கண்டவர்கள் நாங்கள். உங்கள் பத்திரத்தில் வெள்ளம் அடங்குகிறதா, மேலதிகக் கட்டணமா என்று எத்தனை பேர் வாசித்திருக்கிறீர்கள்? காப்புறுதி செய்த பெறுமதியையும் பாருங்கள். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறக்கும்வரை பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போனது. பத்திரத்தில் பழைய பெறுமதியையே வைத்திருந்தால், விபத்து நடந்த அன்று குறைவாகக் காப்புறுதி செய்ததாகச் சொல்லி நட்டஈட்டையும் அந்த விகிதத்தில் குறைக்க இடமுண்டு.

இப்போது சிலர் சொல்வார்கள், "சேர், நாங்க எடுக்கிறது வட்டி இல்ல, இஸ்லாமிய முறை." அல்ஹம்துலில்லாஹ். 1999இல் இந்த நாட்டில் அமானா தகாபுல் வந்ததும், 2011இல் அமானா வங்கி வந்ததும் நமக்குக் கிடைத்த நல்ல வாய்ப்புகள். ஆனால் ஹலால் என்ற பெயர், கேள்வி கேட்காமல் இருப்பதற்கான அனுமதிச் சீட்டு இல்லை. முராபஹா என்றால் அவர்கள் வாங்கிய விலையையும் வைத்த இலாபத்தையும் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அதுதான் அந்த ஒப்பந்தத்தின் உயிர். இஜாரா என்றால் வாகனத்தின் சொந்தக்காரர் அவர்கள்; உங்கள் பிழை இல்லாமல் வாகனம் முற்றாக அழிந்தால் வாடகை நிற்க வேண்டும். பிந்திய கட்டணம் அவர்களின் இலாபத்தில் சேராமல் தர்மத்துக்குப் போக வேண்டும். இதையெல்லாம் கேளுங்கள். முறையாகச் செய்பவர்கள் சந்தோசமாகக் காட்டுவார்கள்.

குர்ஆனின் மிக நீளமான வசனம் எது? சூரா அல்பகராவின் 282ஆவது வசனம். தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதல்ல. கடனை எழுதுவதைப் பற்றியது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார் என்றும் அதில் இருக்கிறது: கடன் படுபவர். சாட்சியும் வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, கடன் கொடுப்பவரை நிரப்பச் சொல்கிறோம். வட்டி பற்றி எத்தனை பயான் கேட்டிருப்போம்! இந்த வசனத்தைப் பற்றி எத்தனை கேட்டிருக்கிறோம்?

தரகர்களிடமும் ஒரு வார்த்தை. நீங்கள் கொமிஷன் எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. உழைப்புக்குக் கூலி உண்டு. ஆனால் வாங்குபவரிடம் "நான் உங்கட ஆள்" என்று சொல்லிக்கொண்டு மறுபக்கம் எடுக்கும் கொமிஷனை மறைப்பது அமானிதமா? வாகனப் பெறுமதியில் எத்தனை வீதம் வரை கடன் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி வரம்பு வைத்திருக்கிறது. கூடுதலாகக் கடன் எடுக்க விலையை ஏற்றி எழுதுவோம் என்று யாராவது சொன்னால், அது உதவி அல்ல, பொய். அந்தப் பொய்க்கும் தவணை கட்டப்போவது நீங்கள்தான்.

நான் ஏன் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்? 2019இல் சொந்தக்காரர் ஒருவரின் ஓட்டோவுக்கு வாசிக்காமல் பிணை நின்றேன். 2020இல் ஊரடங்கு, ஓட்டம் நின்றது. சலுகைக் காலம் கொடுத்தார்கள், அதற்கும் வட்டி சேர்ந்தது. கடைசியில் கடிதம் என் பெயருக்கு வந்தது. எட்டு மாதம் என் சம்பளத்திலிருந்து கட்டினேன். அதற்குப் பிறகும் ஓட்டோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பணம் போனது பெரிதில்லை. அந்த மனிதர் இன்றைக்கும் என்னைக் கண்டால் ஒழுங்கை மாறிப் போகிறார். ஒரு சொந்தமே போய்விட்டது.

ஆகவே என் நிபந்தனை இதுதான். பிணை கேட்டு வருபவர் இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் கொண்டு வரட்டும்:

1. பதிவுச் செலவு எல்லாம் சேர்த்து, வாகனத்தின் முழு விலை என்ன? வேறு இரண்டு இடத்தில் என்ன விலை?

2. தட்டை வீதமா, குறைந்து செல்லும் மீதியா? மொத்தமாகக் கட்டி முடிக்கும் தொகை எவ்வளவு?

3. ஆவணக் கட்டணம், பிந்திய கட்டணம் எவ்வளவு? முன்கூட்டியே கட்டி முடித்தால் என்ன குறையும்?

4. காப்புறுதி யாருடையது, எவ்வளவு, வெள்ளம் அடங்குமா? பிரீமியம் கடனுக்குள் சேர்ந்திருக்கிறதா?

5. இரண்டு மாதம் கட்ட முடியாமல் போனால் என்ன செய்வார்கள்?

"இதெல்லாம் கேட்டா லீசிங் தர மாட்டாங்க சேர்" என்று தம்பி சொன்னார். கேட்டதற்காகத் தராதவர்களிடம் எடுக்காமல் இருப்பதே நல்லது. நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கென்று மத்திய வங்கி 2023இல் ஒழுங்குவிதிகளே கொண்டுவந்திருக்கிறது. முறைப்பாடு சொல்ல 1935 என்ற இலக்கம் இருக்கிறது. விளக்கத்தைத் தமிழில் கேளுங்கள்; அது பிச்சை இல்லை.

பள்ளி நிர்வாகிகளே, ஒரு ஜும்ஆவை இதற்கு ஒதுக்குங்கள். இஷாவுக்குப் பிறகு இரண்டு கணித ஆசிரியர்கள் பள்ளியில் இருந்து படிவங்களைப் பார்த்துக் கொடுத்தால் எத்தனை குடும்பம் தப்பும்! முதல் ஆளாக நான் வருகிறேன்.

அந்தத் தம்பிக்கு: கோபம் வேண்டாம் மகன். படிவத்தை நிரப்பிக்கொண்டு வாங்க. தேத்தண்ணி குடித்துக்கொண்டு இரண்டு பேரும் கணக்குப் பார்ப்போம். கணக்கு சரிவந்தால் பேனா என்னிடம் இருக்கிறது.

வஸ்ஸலாம்.