எண்களைப் பெட்டியில் அடைக்காதீர்கள்

ஜாவா எழுதுவோர் பலரிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. இன்ட்டும் இன்டீஜரும் ஒன்றுதான், நடுவில் வேண்டிய மாற்றத்தைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும், ஆகவே இன்ட்ஸ்ட்ரீம், லாங்ஸ்ட்ரீம், டபுள்ஸ்ட்ரீம் என்பவை வேகப் பித்துப் பிடித்தவர்களுக்கு மட்டுமே என்கிறார்கள். இன்ட்டைத் தானாகவே இன்டீஜர் என்ற பொருளுக்குள், அதாவது ஒரு பெட்டிக்குள், அடைக்கும் ஆட்டோபாக்ஸிங்கை 2004-இல் ஜாவா 5 கொண்டுவந்தபின் வளர்ந்த எண்ணம் இது. 2014-இல் ஜாவா 8 எண்களுக்கென்றே மூன்று ஸ்ட்ரீம்களைத் தந்த பிறகும் மாறவில்லை. இது தவறு என்பது மட்டுமல்ல, கெடுதலும்கூட.

முதலில் நினைவகம். ஓர் இன்ட்டுக்கு 4 பைட் போதும். ஜாவாவை இயக்கும் வழக்கமான 64-பிட் ஹாட்ஸ்பாட்டில் ஓர் இன்டீஜர் 16 பைட் எடுக்கும். அதைச் சுட்டும் முகவரிக்கு இன்னும் 4. பத்து லட்சம் எண்கள் அர்ரேயில் 40 லட்சம் பைட்டில் அடங்கும். இன்டீஜர் பட்டியலாக்கினால் இரண்டு கோடியைத் தொடும். பட்டியல் ஏற்கெனவே இன்டீஜர்தான் என்றால் அந்தச் செலவை, அதை இன்ட்ஸ்ட்ரீமாக மாற்றும் மேப்டுஇன்ட் மீட்டுத் தராது, உண்மைதான். ஆனால் அதன்பின் நடக்கும் கணக்கிலாவது புதுப் பொருள்கள் பிறக்காது.

‘இன்றைய கணினிக்கு இதெல்லாம் தூசு’ என்பவர்களிடம்தான் எனக்கு அதிக வருத்தம். வேகத்தைத் தள்ளிவைத்துவிட்டு, விடை சரியா என்று பாருங்கள். பெட்டிக்குள் இருக்கும் இரண்டு 127-களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் சமம் என்று வரும். 128-ஐ ஒப்பிட்டால், வழக்கமான அமைப்பில், சமமில்லை என்று வரும். காரணம், -128 முதல் 127 வரையிலான இன்டீஜர்களை மட்டுமே ஜாவா முன்பே ஆக்கிவைத்துப் பகிர்ந்துகொள்கிறது. சிறிய எண்களை வைத்துச் சோதித்தவர் கண்ணில் இந்தப் பிழை படவே படாது. இன்டீஜர் ஸ்ட்ரீமில் நல் (null) புகுந்துவிட்டால் கூட்டும்போது நிரல் முறிந்து விழும். இன்ட்ஸ்ட்ரீமுக்குள் நல் நுழையவே வழியில்லை.

பின்னக் கணக்கில் வேறுபாடு இன்னும் ஆழம். 0.1-ஐப் பத்து முறை சாதாரணமாகக் கூட்டினால் 0.9999999999999999 வரும். பெட்டி ஸ்ட்ரீமில் ரெட்யூஸ் எழுதுவோர் செய்வது இந்தக் கூட்டலைத்தான். ஓபன்ஜேடிகேயில் டபுள்ஸ்ட்ரீமின் சம் ஒவ்வொரு படியிலும் உதிரும் துளியைத் தனியே சேர்த்துவைத்து ஈடுகட்டும் முறையில் கூட்டுகிறது.

இன்ட்ஸ்ட்ரீமிலும் பொறி உண்டு. அதன் சம் ஓர் இன்ட்டையே திருப்பித் தரும். 2,147,483,647-ஐத் தாண்டினால் எச்சரிக்கை ஏதுமின்றித் தவறான எண் வரும். இன்டீஜர் ரெட்யூஸிலும் இதே கதிதான். மேப்டுலாங் என்று மாற்றினால் தீர்ந்தது. இந்த விடை எத்தனை பெரிதாகலாம் என்ற கேள்வியை எண் ஸ்ட்ரீம் நம்மிடம் கேட்கிறது. பெட்டி அதை மறைத்துவிடுகிறது.

வகுப்பில் ஸ்ட்ரீம் சொல்லித்தரும் ஆசிரியர்களே, எண்களைக் கூட்டும் முதல் எடுத்துக்காட்டிலேயே மேப்டுஇன்ட்டை எழுதிக் காட்டுங்கள். அதைப் பின்னிணைப்புக்குத் தள்ளாதீர்கள்.