உலக்கையும் காணொளியும்

விஞ்ஞானம், மதச்சார்பின்மை, அரசியல் ஆகிய கனமான விஷயங்களைக் கைப்பேசித் திரையில் ஓடும் காணொளிகளில் விவாதிப்பது அறிவுக்கே இழிவு என்றும், அவ்விவாதம் புத்தகத்துக்கும் வகுப்பறைக்கும் மட்டுமே உரியது என்றும் படித்தவர்களிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றி வருகிறது. திண்டுக்கல்லிலும் அதைக் கேட்கலாம். சொல்பவர்கள் நல்லெண்ணம் உடையவர்களே. ஆயினும் அவர்கள் காட்டும் ஐந்து காரணங்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தால், அவை அவர்கள் விரும்பும் முடிவைத் தாங்குவனவாக இல்லை.

முதல் ஆட்சேபம், காணொளி கண்ணை மயக்குமே ஒழிய யுக்தியை வளர்க்காது என்பது. 2019 டிசம்பர் 26 காலை, கங்கண சூரிய கிரகணத்தின் பாதையில் திண்டுக்கல்லும் இருந்தது. கிரகணத்தன்று தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நட்டமாக நிறுத்தி, கிரகணத்தின் ஆகர்ஷணத்தால்தான் அது நிற்கிறது என்று நம்புவது நம் கிராமங்களில் பழைய வழக்கம். அந்தக் காட்சியே இன்று காணொளியாகவும் சுற்றி வருகிறது. சூரிய கிரகணம் அமாவாசையில்தான் நிகழும். எல்லா அமாவாசைகளிலும் சூரியனும் சந்திரனும் ஏறக்குறைய ஒரே திசையில் நின்றுதான் பூமியை இழுக்கின்றன. ஆகவே ஆகர்ஷணம்தான் காரணமென்றால் அமாவாசைதோறும் உலக்கை நிற்க வேண்டும், மற்ற நாட்களில் விழ வேண்டும். உண்மையிலோ, அடி தட்டையாக உள்ள உலக்கை, அதன் கனம் அந்த அடிப்பரப்புக்குள் விழும்படி பொறுமையாக வைக்கப்படுமானால், எந்த நாளிலும் நிற்கும். இதை எழுத்தில் நிரூபிக்க ஒரு பக்கம் வேண்டும். சாதாரணப் புதன்கிழமையொன்றில் உலக்கையை நிறுத்திக் காட்ட இரண்டு நிமிடம் போதும், பார்த்தவர் தம் வீட்டிலேயே சோதித்தும் கொள்ளலாம். பிரத்தியட்சத்தைப் பிரமாணங்களில் முதலாவதாக வைத்தது நமது தர்க்க சாஸ்திரம். அதைக் கண்கட்டு வித்தையோடு சேர்த்து எண்ணுவது முறையாகாது.

இதே ஜில்லாவின் மலைமேல், 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாய்வகத்தில், சூரியனின் கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தார். அந்தக் கண்டுபிடிப்பு ஆங்கில ஆராய்ச்சி ஏடுகளின் வழியாக உலகெங்கும் சென்றது. நூறாண்டுகளுக்குப் பின்னரும், மலையடிவாரத்துச் சமவெளியில் கிரகணத்துக்கு உலக்கை நின்றுகொண்டுதான் இருக்கிறது. அச்சு ஒன்றே போதுமென்றால் இந்த இடைவெளி எப்போதோ தூர்ந்திருக்க வேண்டாமா?

இரண்டாவது ஆட்சேபம், காணொளி பொய்யின் வாகனம் என்பது. ஐந்தில் வலிமை மிக்கது இதுவே. 2018இல் திருப்பூரில், காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் நடத்த முயன்றதில் ஒரு தாய் உயிரிழந்ததை யாரும் மறக்கலாகாது. தேர்ந்த கைக்கு ஈடாகக் காணொளியும் நிற்காது, புத்தகமும் நிற்காது. 2023 மார்ச்சில், வேறெங்கோ வேறு காரணங்களால் நடந்த சண்டைகளின் காட்சிகளை எடுத்து, தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பரப்பியபோது, வடநாட்டவர் பலர் வேலைசெய்யும் வேடசந்தூர்ப் பகுதி நூற்பாலைகள் உள்ள இந்த ஜில்லாவுக்கும் அந்த வதந்தி அந்நியமன்று. அதை எது எதிர்த்தது? அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு தாமே காணொளியில் தோன்றி மறுத்தார். பரப்பப்பட்ட காட்சிகள் எங்கே எப்போது எடுக்கப்பட்டவை என்பது ஆராய்ந்து வெளியிடப்பட்டது. மேடையில் பொய் சொன்னவர் மறுநாள், நான் அப்படிச் சொல்லவேயில்லை என்று தப்பிவிடலாம். காணொளியில் சொன்னவரின் வாக்கோ நிமிடக் கணக்கோடு சாட்சியாக நிற்கிறது. பொய் அங்கே விரைந்து ஓடுகிறது என்பது மெய். மெய் அவ்வீதியில் இறங்கக்கூடாது என்பதற்கு அது எவ்விதத்தில் நியாயமாகும்?

மூன்றாவது, மத விஷயங்களைக் காணொளியில் பேசினால் கலகம் மூளும் என்கிறார்கள். 2020 ஜூலையில் கந்த சஷ்டி கவசத்தை இழிவுபடுத்தியதாகக் கருப்பர் கூட்டம் என்னும் சேனலின் மீது வழக்குப் பாய்ந்து, கைதுகள் நடந்ததை எடுத்துக்காட்டுகிறார்கள். பழனியைத் தன்னகத்தே கொண்ட ஜில்லாவில் அந்த மனவருத்தத்தைச் சிறிதென்று தள்ளுவதற்கில்லை. ஆனால் மத உணர்வைப் புண்படுத்துவதைத் தண்டிக்கும் 295ஏ பிரிவை 1927இல் ஆங்கில அரசாங்கம் கொண்டுவந்ததற்கு லாகூரில் அச்சான ஒரு சிறு நூலே காரணம். நிந்தனை அச்சிலும் விளையும், திரையிலும் விளையும். விமரிசனத்தையும் நிந்தனையையும் பிரிப்பது பேசுகிறவனின் விவேகம். முத்தழகுபட்டிச் செபஸ்தியார் கோயில் விருந்தில் எல்லா மதத்தினரும் வரிசையில் அமர்ந்து உண்பதை ஒரு காணொளி அப்படியே காட்டிவிட்டால், மதச்சார்பின்மையைப் பற்றிய நீண்ட வியாக்கியானம் பாதி மிச்சமாகும்.

நான்காவது, அரசியல் அங்கே கேளிக்கையாகிவிடுகிறது என்பது. பட்டிமன்றச் சிரிப்பை ஒலிநாடாக்களின் வழியே தமிழகத்தின் வீடுகளுக்கெல்லாம் கொண்டுசென்ற லியோனியின் ஊர்க்காரர்கள் இதைச் சொல்லும்போது சற்றே வியப்பாக இருக்கிறது! சிரிப்பும் தர்க்கமும் நம் மேடைகளில் நெடுங்காலமாகவே சேர்ந்துதான் நடந்திருக்கின்றன. பார்வையாளரை அதிக நேரம் பிடித்துவைப்பதையே யூடியூப் நிறுவனம் 2012 முதல் பெரிதாக மதித்து வருகிறது என்பதும், அதனால் கூச்சலுக்கு லாபம் உண்டென்பதும் உண்மை. ஆயினும் ஒரு மணி நேர வாதத்தை இருந்து கேட்கும் ரசிகர்களும் அதே கணக்கில் சேர்கிறார்கள்.

ஐந்தாவது, வாசிப்பு அழிகிறது என்ற புலம்பல். வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ பத்திரிகைக்கு வாசகர்கள் மிகச் சிலரே. தம் நூல்களைத் தாமே சுமந்து சென்று விற்க வேண்டிய நிலை அவருக்கு இருந்தது. கைப்பேசி பிறவாத காலத்திலும் கனமான வாசிப்பு இவ்வளவாகத்தான் இருந்தது என்றால், இன்றைய பழியை முழுதும் திரையின் தலையில் சுமத்துவது எங்ஙனம் பொருந்தும்?

விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது பிரஜைகள் ஒவ்வொருவரின் கடமை என்று 1976இல் நம் அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்டது. புத்தகம் படிப்பவர்களுக்கு மட்டும் என்று அதில் வரையறை எதுவும் இல்லை. அக்கடமையின்படி, காணொளியில் பேசுகிறவர் தம் ஆதாரத்தையும் தேதியையும் சொல்ல வேண்டும், பிழை கண்டால் அதே இடத்தில் திருத்த வேண்டும். பார்க்கிறவர், இது எப்போது, எங்கே எடுக்கப்பட்டது என்று கேட்ட பிறகே அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். காந்திகிராமப் பல்கலைக்கழகம் போன்ற கல்வி நிலையங்களின் ஆசிரியர்கள் ஜனங்களின் தமிழில் இந்த வழியே பேச முன்வருவார்களானால், அவர்களுடைய மௌனத்தால் இதுவரை பிழைத்துவந்த போலி வைத்தியர்களும் வதந்திக்காரர்களும் முதன்முறையாகப் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு வருவார்கள்.