பண்டிகைக் காலமும் உத்தியோக நிலையும்

தீபாவளி நெருங்கிவிட்டால் மும்பையில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஜவுளியைப் பற்றியும் பட்சணத்தைப் பற்றியுமே பேச்சாயிருந்த காலம் ஒன்று உண்டு. இப்பொழுதோ ‘லீவு கிடைக்குமா?’ என்பதே முதற் கேள்வியாகிவிட்டது. அதனினும் தாழ்ந்த குரலில் எழுவது, ‘பண்டிகைக்குப் பின் வேலை நிலைக்குமா?’ என்ற இரண்டாவது கேள்வி. இவ்விரண்டாவது கேள்வியைப் பற்றியே இம்மாதம் சிறிது எழுத விழைகின்றோம்.

போனஸ் என்பது முதலாளியின் தயவா, தொழிலாளியின் உரிமையா என்ற வழக்கு பெரிதும் இந்நகரத்திலேதான் நடைபெற்றது என்பதை நம் இளைஞருட் பலர் அறியார். முதல் உலகப் போர்க் காலத்தில், 1917-இல், பம்பாய்ப் பஞ்சாலைகள் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து வீதம் ‘யுத்த போனஸ்’ அளித்தன. மறு ஆண்டு அது பதினைந்தாயிற்று. 1923-ஆம் ஆண்டுக்கு அது மறுக்கப்படவே, 1924-இன் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். பிரதம நீதிபதி நார்மன் மக்லியாட் தலைமையில் அமைந்த குழு, தொழிலாளர்க்குச் சட்டப்படி அவ்வுரிமை இல்லை என்றே தீர்ப்புக் கூறிற்று. உரிமை சட்ட வடிவம் பெற மேலும் நாற்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன. 1965-இல் போனஸ் சட்டம் பிறந்தது. குறைந்த அளவாக அதில் முதலிற் குறிக்கப்பட்டது நூற்றுக்கு நான்கு; பின்னர் அது 8.33 ஆயிற்று. இது பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். மேல் எல்லை இருபது.

கணக்காண்டு முடிந்த எட்டு மாதத்துக்குள் போனஸைக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. மார்ச்சில் கணக்கு முடிக்கும் காரியாலயங்களுக்கு அக்கெடு நவம்பர் இறுதியில் தீரும். தீபாவளியும் அதற்குச் சற்று முன்னரே வருவதால், சட்டத்தில் பண்டிகையின் பெயரே இல்லாவிடினும், இது ‘தீபாவளி போனஸ்’ என்றே பெயர் பெற்றது.

இன்று நிலை வேறு. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம், மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டுச் சம்பளம் பெறுவோரையே போனஸுக்கு உரியவராக்கிற்று. அதற்கு மேற்பட்டுச் சம்பளம் பெறும் நம் கணினித் துறை இளைஞருக்குக் கிடைப்பது கம்பெனி தன் விருப்பப்படி அளிக்கும் தொகையே. வேலையில் சேரும் நாளில் ‘ஆண்டுக்கு இத்தனை லட்சம்’ என்று பெருமையாகச் சொல்லப்படும் தொகையில் அதுவும் அடக்கம். கொடுத்தால் முன்னரே எண்ணி வைத்த பணம். கொடாவிட்டால் கேட்க வழியில்லை. அரசாங்க உத்தியோகத்திலும் மாறுதல் இல்லாமலில்லை. மத்திய அரசு ஊழியர் தவணையிற் கட்டி வந்த வட்டியில்லாப் பண்டிகை முன்பணம் ஏழாவது சம்பளக் கமிஷனோடு நின்றது. கொள்ளை நோய் பரவிய 2020-இல் மட்டும் ஒரு தடவை பத்தாயிரம் ரூபாய் கொடுத்தனர். அதுவும் கடைகளில் பொருள் விலை போக வேண்டும் என்பதற்காக!

எனினும் பணத்தைக் காட்டிலும் நம்மை வருத்துவது மனப்பான்மையில் நேர்ந்துள்ள மாறுதலே. முன்னாளில் மேலதிகாரி கடுமையானவராயிருந்தாலும், பண்டிகைக்கு முந்திய வாரத்தில் ஒருவனை வேலையினின்று விலக்குவதற்கு நாணுவார். இன்றோ, விலக்குபவர் வேறு ஊரில், சில சமயம் வேறு தேசத்திலும் இருக்கிறார். அவருக்குத் தீபாவளி என்று என்பதே தெரியாது. பண்டிகை விற்பனைக்காகக் கிடங்குகளில் மூட்டை கட்டவும் வீடுதோறும் பொருள் சேர்க்கவும் ஆட்களைத் திரளாக எடுக்கின்றனர். விற்பனை ஓய்ந்ததும் அவ்வேலையும் ஓய்கின்றது. ஊர் கொண்டாடும் நாட்களே அவர்களுக்கு உழைப்பு மிகுந்த நாட்கள். தாராவியிலும் சயானிலும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இவ்வேலையில் இருக்கின்றனர் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்லலாம். செப்டம்பரில் மகனை அழைத்து, ‘நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், நற்சான்றிதழ் தருகின்றோம்’ என்றனர். அவரும் எழுதிக் கொடுத்தார். வீட்டில் சொல்லவில்லை. காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு நூலகத்தில் அமர்ந்திருந்து மாலையில் திரும்பினார். ஊரிலுள்ள தங்கைக்குப் பட்டுப் புடவை, அத்தைக்கு வேட்டி புடவைப் பணம் எல்லாம் வழக்கம்போலச் சென்றன, அத்தனையும் கடன். நண்பர் ஒருவர் மூலம் தகப்பனார் அறிந்தபோது, ‘வேலை போனதற்கு வருந்தவில்லை, எங்களிடம் சொல்ல அஞ்சினானே’ என்று மட்டும் கூறினார். ஊருக்குப் போகும்போது வெறுங்கையோடு போகலாகாது என்ற நம் வழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதை அத்தைமாரும் மாமன்மாரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த இளைஞருக்கு அப்போது யாரும் எடுத்துச் சொல்லாத சில விவரங்கள் உண்டு. ஓர் ஆண்டில் முப்பது நாள் வேலை செய்திருந்தாலே, சம்பள வரம்புக்கு உட்பட்டவர் போனஸுக்கு உரியவர். கொடுக்கும் நாளில் வேலையில் இல்லை என்பதற்காக உழைத்த காலத்துப் பங்கை மறுக்கலாகாது. ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்வோருக்கும் இது பொருந்தும். 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஊதியத் தொகுப்பும் ஒன்று. பழைய போனஸ் சட்டத்தின் 8.33, 20 என்ற எல்லைகள் அதிலும் தொடர்கின்றன. விலக்கினாலும் தானே விலகினாலும் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்றும் அது கூறுகின்றது. குறித்த காலத்துக்கென அமர்த்தப்பட்டவர் ஓர் ஆண்டு முடித்தாலே கிராஜுவிட்டி பெறலாம் என்பது மற்றொரு தொகுப்பின் விதி. ஆகவே நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டுகளும் பத்திரமாயிருக்கட்டும். கேட்டவுடன் ராஜினாமாவில் கையொப்பமிடாமல் ஒரு நாள் அவகாசம் பெற்று, விவரம் அறிந்தவரிடம் காட்டுவது நலம்.

விடுமுறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமக்கு நரக சதுர்த்தசி விடியற்காலை எண்ணெய் நீராட்டே தீபாவளி. மராத்தியரும் அவ்விடியலில் உட்ணெ பூசி நீராடுவர். ஆனால் இங்கு அரசு விடுமுறை லக்ஷ்மி பூஜைக்கும் பலிப் பிரதிபதைக்குமே. 2017-இலும் 2018-இலும் நேர்ந்ததுபோல இரண்டும் வெவ்வேறு நாளாகும் ஆண்டுகளில், தலையில் எண்ணெய் வைத்த கையோடு லோகல் வண்டி பிடித்தவர் நம்மில் பலர். வேலை உறுதியில்லாத காலத்தில் அந்த ஒரு நாள் லீவைக் கேட்பதற்கும் நா எழுவதில்லை.

ரயில் டிக்கெட்டோ மேலதிகாரியின் மனத்தை அறியாது. 2024 நவம்பர் முதல் முன்பதிவு அறுபது நாட்களுக்கு முன்னரே திறக்கின்றது. அதற்கு முன் நூற்றிருபது நாட்கள். பொங்கலுக்கு நாகர்கோவில் வண்டியிலோ சென்னை வண்டியிலோ செல்ல எண்ணுவோர் நவம்பர் நடுவிலேயே காலை எட்டு மணிக்கு விழிப்பாயிருத்தல் வேண்டும். ஜனவரியில் எந்தக் காரியாலயத்தில் இருப்போம் என்று தெரியாதவர்களும் டிக்கெட்டை எடுத்து வைக்கலாம். ரத்துச் செய்தால் பிடிக்கும் பணம் சிறிதே. லீவு விண்ணப்பத்தையும் அன்றே எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியிட்டு வாங்கிக் கொள்க.